கிழிந்த வலையும் நல்ல கண்ணியும்: தவறி விழுந்தவரைச் சபைக்குள் மீட்டெடுக்கும் வழி

உவரிக் கடற்கரையில் ஒரு பெரியவர் வலை பொத்திக்கொண்டிருந்ததை அரை மணி நேரம் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். கிழிசலின் இரண்டு ஓரத்தையும் இழுத்துச் சேர்த்து முடிச்சுப் போடுவார் என்றுதான் நினைத்தேன். அவரோ கத்தியை எடுத்து ஓட்டையை இன்னும் பெரிதாக்கினார். நைந்து தொங்கிய நூலையெல்லாம் அறுத்து அறுத்து, உறுதியான முடிச்சு இருக்கிற இடம் வரைக்கும் போனார். "என்ன பெரியவரே, பெருசாக்கிட்டே போறீங்க?" என்றேன். "நல்ல கண்ணியில இருந்து தொடங்கணும் சார். நைஞ்சதுல முடிச்சுப் போட்டா, அடுத்த தடவ அதே இடத்துலதான் பிச்சுக்கிட்டுப் போவும்" என்றார்.

கலாத்தியர் 6:1 இல், ஒருவன் குற்றத்தில் அகப்பட்டால் அவனைச் "சீர்பொருந்தப்பண்ணுங்கள்" என்று பவுல் எழுதுகிறார். மத்தேயு 4:21 இல் யாக்கோபும் யோவானும் படகில் உட்கார்ந்து வலைகளைப் பழுதுபார்த்ததைச் சொல்லும் கிரேக்க வினைச்சொல்லும் இதுவும் ஒன்றுதான். பிரசங்கங்களில் இதைப் பலமுறை கேட்டிருக்கிறோம். அந்தக் கத்தியைப் பற்றித்தான் நான் எந்தப் பிரசங்கத்திலும் கேட்டதில்லை.

எங்கள் பக்கத்துச் சபைகளில் ஒரு சாரார் கத்தியோடு மட்டும் அலைகிறார்கள். யார் எங்கே விழுந்தார் என்று கண்டுபிடிப்பதோடு அவர்கள் வேலை முடிந்துவிடும். இன்னொரு சாரார் ஊசியோடு மட்டும் வருகிறார்கள். "விடுங்க, ஆண்டவர் மன்னிப்பார்" என்று நைந்த நூலிலேயே முடிச்சுப் போட்டுவிட்டுப் போய்விடுவார்கள். கத்தியும் ஊசியும் ஒரே கையில் இருக்கவேண்டியவை. 16 வருஷம் சேகரக் கமிட்டியில் (ஒரு குருவானவரின் பொறுப்பில் இருக்கும் சபைகளை நிர்வகிக்கும் குழு) இருந்து, பாதிக்கு மேல் தப்பாகச் செய்து கற்றுக்கொண்டதை வரிசையாக எழுதுகிறேன்.

1. கேட்ட அன்றைக்கு எதுவும் செய்யாதீர்கள்

முதலில் என் கதையைச் சொல்லிவிடுகிறேன். ஒரு வருஷம் பிரதிஷ்டைப் பண்டிகை (கோவில் பிரதிஷ்டையான நாளின் விழா) வரி வசூல் முடிந்து கணக்குப் பார்த்தோம். ஒரு ரசீதுப் புத்தகம் குறைந்தது. அந்தத் தெருவுக்கு வசூலுக்குப் போன அண்ணாச்சியின் பெயரைச் சொல்லி, "இந்தப் புத்தகத்துக்குக் கணக்கு வரவில்லை" என்று கமிட்டியில் வாசித்தேன். நான் செயலாளர், வாசிப்பது என் கடமை என்று நினைத்தேன். அன்று ராத்திரிக்குள் ஊர் முழுக்க "பண்டிகைப் பணத்தில் கை வைத்துவிட்டார்" என்று ஆகிவிட்டது. 12 நாள் கழித்து இன்னொருவர் சென்னையிலிருந்து ஊர் திரும்பினார். மகள் பிரசவத்துக்கு அவசரமாகக் கிளம்பியவர், அந்தப் புத்தகத்தையும் பணத்தையும் மஞ்சள் பையில் சுருட்டி வீட்டுப் பீரோவிலேயே வைத்துவிட்டுப் போயிருந்தார். ஒரு ரூபாய் குறையவில்லை. ஆனால் அந்த அண்ணாச்சி கோவிலுக்கு வருவதை நிறுத்திவிட்டார்.

நீதிமொழிகள் 18:17 ஐ அன்றைக்கு யாராவது என் காதில் போட்டிருக்கலாம். முதலில் பேசுகிறவன் எப்போதும் நியாயஸ்தன் மாதிரிதான் தெரிவான். அடுத்தவன் வந்து கேள்வி கேட்கும்போதுதான் விஷயம் தெரியும். அதனால் ஒரு செய்தி காதுக்கு வந்தால் இவ்வளவு மட்டும் செய்யுங்கள்: நேரில் கண்டவர் யார், கேட்டதைச் சொல்கிறவர் யார் என்று பிரித்து ஒரு தாளில் எழுதுங்கள். தேதி போடுங்கள். தாளை மடித்துப் பைபிளுக்குள் வையுங்கள். ஒரு ராத்திரி தூங்கி எழுந்து மறுபடி படியுங்கள். முந்தின நாள் "தெரிந்தது" என்று எழுதிய பாதி, "சொன்னார்கள்" என்று ஆகியிருக்கும்.

வாட்ஸ்அப்பில் வந்த ஆடியோவோ படமோ என்றால் இன்னும் கவனம் வேண்டும். வெட்டி ஒட்டின பேச்சும் கம்ப்யூட்டரில் செய்த படமும் இப்போது சின்னப் பையன்களுக்கே கைவந்த கலை. வந்ததை "உண்மையா என்று பாருங்கள்" என்று நாலு பேருக்கு அனுப்புவதும் பரப்புவதுதான். உங்கள் போனோடு அது நிற்கட்டும். ஒருவரை மிரட்டிப் பணம் கேட்க அப்படி ஒரு படம் பயன்படுகிறது என்று தெரிந்தால், 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கு அவரே போன் போட உதவுங்கள். மிரட்டலுக்கு ஆளானவரை விழுந்தவர் என்று நினைத்துவிடக் கூடாது.

திருமண்டலத் தேர்தல் (ஒரு பேராயரின் கீழ் உள்ள சபைகளின் நிர்வாகத் தேர்தல்) வருஷமா? அப்படியானால் காதுக்கு வரும் ஒவ்வொரு ஒழுக்கக் குற்றச்சாட்டையும் இரண்டு மடங்கு நேரம் ஆறப்போடுங்கள். ஏன் என்று நெல்லைக்காரர்களுக்கு நான் விளக்கவேண்டியதில்லை. மூப்பன்மேல் வரும் பிராதை இரண்டு மூன்று சாட்சி இல்லாமல் ஏற்காதே என்று தீமோத்தேயுவுக்கு எழுதப்பட்டது சும்மா இல்லை.

2. எந்த மாதிரிக் கிழிசல் என்று பாருங்கள்

யூதா நிருபத்தில் 22, 23 ஆம் வசனங்களை எத்தனையோ முறை வேகமாக வாசித்துக் கடந்திருக்கிறேன். "பகுத்தறிவுள்ளவர்களாயிருந்து" சிலருக்கு இரக்கம் பாராட்டுங்கள், சிலரை அக்கினியிலிருந்து இழுத்துவிடுங்கள் என்று அதில் இருக்கிறது. எல்லாருக்கும் ஒரே மருந்து இல்லை. யாருக்கு எது என்று பிரிப்பதுதான் முதல் வேலை.

சில விஷயங்கள் விழுகையே அல்ல. ரேனியஸ் ஐயரை எடுத்துக்கொள்ளுங்கள் (எங்கள் பக்கத்தில் குருவானவரை ஐயர் என்றுதான் சொல்வோம்). 1820 இல் பாளையங்கோட்டைக்கு வந்து கிராமம் கிராமமாகச் சபை கட்டினவர். 1835 இல் திருச்சபை ஒழுங்கு பற்றிய தகராறில் அவருக்கும் அவரை அனுப்பிய மிஷன் சங்கத்துக்கும் உறவு முறிந்தது. சபைகளும் இரண்டு பக்கமாகப் பிரிந்தன. 1838 இல் அவர் இறந்துபோனார். அந்தச் சண்டையில் யார் பக்கம் நியாயம் என்று நீங்கள் எப்படிச் சொன்னாலும், அது ஒழுக்கக் குற்றம் அல்ல. ஐயரோடு ஒத்துப்போகாதவர், கமிட்டியில் எதிர்த்துக் கேள்வி கேட்கிறவர், மகளை வேறு சாதியில் கட்டிக்கொடுத்தவர், பக்கத்துப் பெந்தெகொஸ்தே சபைக்குப் போய்வருகிறவர் ஆகியோரை "விழுந்தவர்" பட்டியலில் போட்டால், நிஜமாகவே விழுந்தவர் அந்தக் கூட்டத்தில் காணாமல் போய்விடுவார்.

நிஜமான விழுகையிலும் வித்தியாசம் உண்டு. ஒரு தடவை சறுக்கினவன் வேறு. சறுக்கிச் சறுக்கி அதுவே நடையாகிப்போனவன் வேறு. குடியும் ஆன்லைன் ரம்மியும் இந்த இரண்டாவது ரகம். அங்கே ஜெபத்தோடு வைத்தியமும் வேண்டும். மூன்றாவதாக ஒரு ரகம் உண்டு. தன் பதவியையோ நம்பிக்கையையோ வைத்து இன்னொருவரை ஏமாற்றினவன், பயன்படுத்திக்கொண்டவன். தான் விழுந்தது போதாதென்று இன்னொருவரையும் தள்ளிவிட்டவன் அவன். முதல் ரகத்துக்குச் செய்வதை இவனுக்குச் செய்தால் அடுத்த ஆள் தள்ளப்படுவது நிச்சயம்.

3. இந்த இடத்தில் வழிகாட்டியை மூடி வைத்துவிடுங்கள்

18 வயது நிறையாத பிள்ளையிடம் பாலியல் தொந்தரவு என்று தெரிந்தால், அல்லது அப்படி நடந்திருக்கும் என்று நியாயமான பயம் வந்தால்கூட, கீழே எழுதியிருக்கும் எந்தப் படியும் அதற்குப் பொருந்தாது. "முதலில் தனியாகப் போய்ப் பேசு" என்பதும் பொருந்தாது. 2012 போக்சோ சட்டத்தின் 19 ஆம் பிரிவுப்படி காவல்துறைக்குத் தெரிவிக்கவேண்டியது தெரிந்த எவருக்கும் கடமை. தெரிந்தும் சொல்லாதவருக்கு 21 ஆம் பிரிவுப்படி 6 மாதம் வரை சிறை உண்டு. நிறுவனப் பொறுப்பில் இருப்பவருக்கு அது ஒரு வருஷம் வரை. குழந்தைகள் உதவி எண்ணான 1098 க்குப் போன் போடலாம். அடி உதையில் இருக்கும் பெண்ணுக்கு, பெண்கள் உதவி எண் 181.

"கோவில் பேர் கெட்டுப்போகும்" என்று அப்போது ஒருவர் கட்டாயம் சொல்வார். டோனாவூரில் 1901 இலிருந்து ஏமி கார்மைக்கேல் அம்மா ஆபத்திலிருந்த பிள்ளைகளுக்கு அடைக்கலம் கொடுத்த மண் இது என்று அவருக்கு ஞாபகப்படுத்துங்கள். குற்றம் செய்தவனுக்கும் ஆத்துமா உண்டு, அவனையும் சிறையில் போய்ப் பார்க்கலாம், ஜெபிக்கலாம். அது பிறகு. வேறு ஆள் பார்க்கட்டும்.

4. போகவேண்டியவர் யார்

கலாத்தியர் வசனத்தின் பிற்பாதியைப் பாதிப்பேர் மறந்துவிடுகிறோம்: "நீயும் சோதிக்கப்படாதபடிக்கு உன்னைக்குறித்து எச்சரிக்கையாயிரு." இந்த விஷயத்தில் உள்ளுக்குள் ஒரு சின்னச் சந்தோஷம் உங்களுக்கு இருந்தால் நீங்கள் போகாதீர்கள். அவரிடம் உங்களுக்குப் பணம் வரவேண்டியிருந்தாலும், வேலித் தகராறு இருந்தாலும் போகாதீர்கள். குடியை நிறுத்தி 2 வருஷம்கூட ஆகாதவர் குடிகாரரைத் தூக்கத் தனியாகப் போகவேண்டாம்.

பெண் என்றால் பெண்களே போகட்டும். ஐயரம்மாவோ பெண்கள் ஐக்கிய சங்கத்தில் வாய் அடக்கமுள்ள ஒரு மூத்த அக்காவோ போதும். எந்த ஊரிலும் அப்படி ஒருவர் இருப்பார். பெரும்பாலும் சங்கத்தில் எந்தப் பதவியிலும் இருக்கமாட்டார்.

5. தனியாகப் போவது எப்படி

மத்தேயு 18:15 சொல்வது "நீயும் அவனும் தனித்திருக்கையில்". எங்கள் கிராமங்களில் தனித்திருப்பதைவிடக் கஷ்டமான காரியம் இல்லை. கக்கத்தில் பைபிளை இடுக்கிக்கொண்டு சாயங்காலம் ஒருவர் வீட்டுக்குப் போனால், நீங்கள் நடையேறும் முன்பே எதிர்வீட்டுத் திண்ணையில் நாலு பேர் சேர்ந்துவிடுவார்கள். அதனால் பைபிள் வேண்டாம். வசனம் மனசில் இருந்தால் போதும். அவர் தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்சும் நேரமா, கடை அடைக்கும் நேரமா என்று பார்த்து வழியில் சேர்ந்துகொள்ளுங்கள். பக்கத்தில் நடந்துகொண்டே பேசுவது எதிரெதிரே உட்கார்ந்து பேசுவதைவிட இலகு. கண்ணைப் பார்க்கவேண்டிய கட்டாயம் இருக்காது.

என்ன பேசுவது? தாவீது ராஜாவின் பாவத்தைச் சுட்டிக்காட்ட நாத்தான் தீர்க்கதரிசி போன கதையை நாம் "நீயே அந்த மனுஷன்" என்ற ஒரு வரியாகச் சுருக்கிவிட்டோம். அதற்கு முன்னால் ஓர் ஆட்டுக்குட்டியின் கதை இருக்கிறது. தாவீது தானே தீர்ப்புச் சொல்லும் வரைக்கும் நாத்தான் காத்திருந்தார். எனக்குக் கதை கட்டத் தெரியாது. அதனால் நான் கேள்வியாகக் கேட்பேன். ஒரு தம்பியோடு நடந்தது இது. அடையாளம் தெரியாதபடிக்கு ஊரையும் தொழிலையும் மாற்றியிருக்கிறேன்.

"தம்பி, கொஞ்ச நாளா உன் முகம் சரியில்ல. நான் ஒண்ணு கேள்விப்பட்டேன். அது பொய்யா இருந்தா எனக்குச் சந்தோஷம். உண்மையா இருந்தாலும் நான் உன்கூடத்தான் வாரேன்."

"யார் சொன்னா சார்வாள்?"

"அது இப்ப வேண்டாம். நடந்ததா, நடக்கலையா?"

ரொம்ப தூரம் பேசாமலே நடந்தோம். குளத்துக்கரை திரும்பும் இடத்தில் அவன் நின்றான். "எவ்வளவு தெரியும் உங்களுக்கு?" என்றான். அந்தக் கேள்வி வந்துவிட்டால் கதவு திறந்துவிட்டது என்று அர்த்தம். தெரிந்ததையெல்லாம் அப்போது கொட்டிவிடாதீர்கள். "நீ சொல்றவரைக்கும்" என்று மட்டும் சொன்னேன்.

சொல்லக்கூடாதவையும் உண்டு. "உங்க அப்பா எப்பேர்ப்பட்ட மனுஷன்!" வேண்டாம். "நான் உன் இடத்தில் இருந்தால்..." வேண்டாம். "யாரிடமும் சொல்லமாட்டேன்" என்ற வாக்கும் வேண்டாம். மூன்றாம் படியில் சொன்ன மாதிரி விஷயம் வெளிவந்தால் அந்த வாக்கை நீங்கள் மீறியே ஆகவேண்டியிருக்கும். "தேவையில்லாத காதுக்குப் போகாது" என்று சொல்லுங்கள். அதைக் காப்பாற்ற முடியும்.

கத்தோலிக்க நண்பர்களுக்குப் பாவசங்கீர்த்தனம் இருக்கிறது. நமக்கு ஆராதனையில் எல்லாரும் சேர்ந்து சொல்லும் பாவ அறிக்கை இருக்கிறது. அதில் யாரும் குளத்துக்கரையில் நிற்கவேண்டியதில்லை. வாய்விட்டுச் சொல்ல ஒரு நம்பகமான காது ஒவ்வொரு சபையிலும் இருந்தால், இந்த வழிகாட்டியில் முக்கால் பங்கு தேவைப்படாது என்பது என் அபிப்பிராயம்.

6. மனந்திரும்புதலா, மாட்டிக்கொண்ட வருத்தமா

2 கொரிந்தியர் 7:10 இரண்டு துக்கத்தைச் சொல்கிறது: தேவனுக்கேற்ற துக்கம், லௌகிக துக்கம். இரண்டிலும் கண்ணீர் வரும். அதனால் கண்ணீரை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். நான் மூன்று விஷயம் பார்ப்பேன். தான் செய்ததை "ஆனால்" இல்லாமல் சொல்லி முடிக்கிறாரா? தனக்கு வந்த நஷ்டத்தைப் பற்றிப் பேசுகிறாரா, அடுத்தவருக்கு வந்த நஷ்டத்தைப் பற்றியா? கேட்காமலே ஏதாவது ஒன்றைத் திருப்பிக் கொடுக்கிறாரா? சகேயு நின்ற இடத்திலேயே நாலத்தனையாகத் தருகிறேன் என்றார். இயேசு கேட்கவில்லை.

அந்தத் தம்பியின் விஷயம் ரம்மிக் கடன். குளத்துக்கரையில் "ஒரு எண்பதாயிரம் இருக்கும்" என்றான். மறுநாள் ராத்திரி என் வீட்டுக்கு வரச் சொல்லி, 40 பக்க நோட்டு ஒன்றையும் பேனாவையும் அவன் முன்னால் வைத்தேன். யாரிடம், எவ்வளவு, எப்போது, என்ன சொல்லி வாங்கினாய் என்று நாலு கோடு போடச் சொன்னேன். முதல் பக்கம் கடகடவென்று நிறைந்தது. போன் ஆப்பில் எடுத்தது, நண்பர்களிடம் வாங்கினது. இரண்டாம் பக்கத்தில் பேனா நின்றது. வீட்டம்மா காபி வைத்துவிட்டுப் போனாள்; ஆடை படிந்து கிடந்தது, அவன் தொடவில்லை. அப்புறம் மெதுவாக எழுதினான்: மதினியின் சங்கிலி. அதற்குக் கீழே: வாலிபர் சங்கச் சந்தா. கூட்டிப் பார்த்தால் நாலு லட்சத்துப் பத்தாயிரம்.

அவன் குளத்துக்கரையில் பொய் சொன்னான் என்று நான் நினைக்கவில்லை. தனக்கே சொல்லிக்கொள்ளத் துணிந்த தொகை அவ்வளவுதான். முதலில் சொல்லும் தொகை, முதலில் சொல்லும் தேதி, முதலில் சொல்லும் "ஒரே ஒரு தடவை" எதையும் முழு உண்மையாக எடுத்துக்கொள்ளாதீர்கள், கோபப்படவும் செய்யாதீர்கள். நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருங்கள். நல்ல கண்ணி வரும்வரைக்கும் அறுத்துக்கொண்டு போகிற வேலை இதுதான். வலிக்கும். இடையில் நிறுத்தி ஜெபம் பண்ணி முடித்துவிட்டால், சங்கிலி இரண்டாம் பக்கத்திலேயே தங்கிவிடும்.

7. பாதிக்கப்பட்டவரை மறந்துவிடாதீர்கள்

விழுந்தவரைச் சுற்றியே எல்லாரும் ஜெபிக்கும்போது, சங்கிலியைப் பறிகொடுத்த மதினி அடுப்படியில் தனியாக நிற்பாள். அவளிடமும் ஒருவர் போகவேண்டும். "மன்னிச்சிரும்மா, நாம கிறிஸ்தவங்க" என்று சொல்வதற்காகப் போகக் கூடாது. அவள் எப்போது மன்னிப்பாள் என்பது அவளுக்கும் ஆண்டவருக்கும் உள்ள காரியம். சங்கிலி எப்போது திரும்பும் என்பது நம் காரியம். பிலேமோனுக்கு எழுதும்போது பவுல், அவருடைய அடிமை ஒநேசிமு பட்ட கடனை "என் கணக்கிலே வைத்துக்கொள்ளும்" என்றார். எங்கள் சபையில் இரண்டு பேர் அதைச் செய்தார்கள். அடகுக் கடையிலிருந்து சங்கிலியை மீட்டுக் கொடுத்துவிட்டு, அவனிடம் மாதாமாதம் வாங்கிக்கொண்டார்கள். வட்டி இல்லை. பாக்கியும் விடவில்லை.

8. முதல் இரண்டு வாரம் உயிரைக் காப்பதே வேலை

விஷயம் வெளியே தெரிந்த பிறகு வரும் நாட்கள்தான் மிகவும் ஆபத்தானவை. கொரிந்து சபையில் தண்டிக்கப்பட்டவனைப் பற்றி, "அதிக துக்கத்தில் அமிழ்ந்துபோகாதபடிக்கு" அவனை மன்னித்து ஆறுதல் சொல்லுங்கள் என்று பவுல் பதறுகிறார். தனியாகத் தூங்க விடாதீர்கள். தோட்டத்துப் பூச்சிமருந்து டப்பாவை வீட்டிலிருந்து அப்புறப்படுத்துங்கள். செத்துப்போகலாம் என்ற எண்ணம் வருகிறதா என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. 14416 என்ற டெலி மனஸ் (அரசின் மனநல ஆலோசனைச் சேவை) எண்ணில் எந்த நேரமும் பேசலாம்.

அதற்கப்புறம் வேலி கட்டுங்கள். சம்பளம் மனைவி கணக்குக்குப் போகட்டும். கடன் ஆப்புகளை அவர் கையாலேயே அழிக்கட்டும். குடியென்றால் அரசு மருத்துவமனை மனநலப் பிரிவும், பக்கத்தில் இருந்தால், குடியை விடுகிறவர்கள் ஒருவருக்கொருவர் துணை நிற்கும் ஏ.ஏ. கூட்டமும். வாரம் ஒரு நாள், குறித்த நேரத்தில், ஒரே ஆளோடு அரை மணி நேரம் பேச்சு. எழுப்புதல் கூட்டத்தில் கை தூக்கி முன்னால் போய் ஜெபித்துக்கொள்வதை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் அடுத்த செவ்வாய்க்கிழமை ஆறரை மணிக்கு யார் வருவார் என்று தெரியாவிட்டால் அது நிற்காது.

9. கேட்கவே மாட்டேன் என்றால்

இரண்டொருவரைக் கூட்டிக்கொண்டு போவது, அப்புறம் சபைக்குத் தெரிவிப்பது என்று மத்தேயு 18 மேலே சொல்கிறது. திருவிருந்திலிருந்து நிறுத்தி வைப்பது குருவானவர் வழியாக, திருமண்டல விதிப்படி நடக்கவேண்டிய காரியம். கமிட்டியில் கை தூக்கி முடிவு செய்கிற விஷயம் இல்லை.

நிறுத்தி வைப்பது அன்பில்லாத செயல் என்று நினைக்கிறவர்கள், பாளையங்கோட்டையில் பாப்பாத்தியம்மாள் கோவிலைப் பார்த்துவிட்டு வரலாம். தஞ்சாவூர் பிராமண விதவையான கிளாரிந்தா அம்மாள் ஓர் ஆங்கிலேய அதிகாரியோடு வாழ்ந்துவந்தார். ஞானஸ்நானம் கேட்டபோது, அந்த வாழ்க்கை தொடரும்வரை தரமுடியாது என்று மிஷனரி ஸ்வார்ட்ஸ் ஐயர் மறுத்துவிட்டார். அதிகாரி இறந்தபின், 1778 இல் அதே ஸ்வார்ட்ஸ் ஐயர் பாளையங்கோட்டைக்கு வந்தபோது அந்த அம்மாளுக்கு ஞானஸ்நானம் கொடுத்தார். 1780 இல் பாளையங்கோட்டைச் சபைப் பதிவில் இருந்தவர்கள் 40 பேர். 1785 இல் அந்த அம்மாள் கட்டிய இந்தக் கோவில் பிரதிஷ்டையானது. நெல்லைத் திருச்சபையின் தாய் என்று இன்று நாம் கொண்டாடுவது, முதலில் வேண்டாம் என்று சொல்லப்பட்ட ஒரு பெண்ணைத்தான்.

ஸ்வார்ட்ஸ் மறுத்தது சரியா என்று எனக்குள் இன்னும் விவாதம் நடக்கிறது. ஆனால் நான் கவனிப்பது வேறு ஒன்றை. மறுத்தவரே வந்து கொடுத்தார். திருவிருந்தை நிறுத்திய நாளிலேயே, மறுபடி எப்போது, யார் போய்ப் பார்ப்பது என்று தேதி குறித்துவிடுங்கள். எங்கள் பழைய நோட்டுகளில் நிறுத்தின பெயர்கள் நிறைய இருக்கின்றன. திரும்பச் சேர்த்த பெயர்கள் அந்த அளவுக்கு இல்லை. அவர்களெல்லாம் திருந்தாதவர்கள் என்று நான் நம்பவில்லை. யாரும் போகவில்லை, அவ்வளவுதான்.

10. பந்தி வேறு, பெட்டிச் சாவி வேறு

மன்னித்துவிட்டோம் என்றால் பழைய பொறுப்பையும் திருப்பிக் கொடுக்கவேண்டுமே என்று பலர் குழம்புகிறார்கள். பேதுருவுக்கு இயேசு கொடுத்தாரே என்பார்கள். உண்மைதான். கரிநெருப்பின் பக்கத்தில் தன்னை மறுதலித்தவனை இன்னொரு கரிநெருப்பின் பக்கத்தில் உட்காரவைத்து, மீனும் அப்பமும் கொடுத்து, சாப்பிட்டு முடித்த பிறகுதான் "நீ என்னை நேசிக்கிறாயா" என்று மூன்று முறை கேட்டு, தம் ஆடுகளை மேய்க்கச் சொன்னார். பந்தி முதலில் வந்தது, ஆடுகள் பிறகு. அதோடு, பேதுரு பயந்து விழுந்தவர். ஆடுகளைத் தின்று விழுந்தவர் இல்லை.

பந்தியை உடனே கொடுங்கள். சாவியை மெதுவாகக் கொடுங்கள். சிலருக்குக் கொடுக்கவே வேண்டாம். பணத்தில் விழுந்தவரிடம் காணிக்கைப் பெட்டியைக் கொடுப்பது தயவு ஆகாது. அவரைப் பாடகர் குழுவில் நிறுத்துங்கள், கல்லறைத் தோட்டத்து வேலி வேலையை ஒப்படையுங்கள். மாற்குவைக் கூட்டிக்கொண்டு போகமாட்டேன் என்று ஒரு காலத்தில் பிடிவாதம் பிடித்த பவுல், கடைசியில் "மாற்குவை உன்னோடே கூட்டிக்கொண்டுவா" என்று எழுதினார். இடையில் அவனைக் கூட்டிக்கொண்டு போன ஒரு பர்னபா இருந்தான்.

விஷயம் முடிந்தபின் கமிட்டி நோட்டில் இரண்டு வரிக்கு மேல் எழுதாதீர்கள். விவரம் எழுதினால் 30 வருஷம் கழித்து அவர் பேரனுக்குப் பெண் பார்க்கும்போது யாராவது எடுத்துப் படிப்பார்கள்.

11. பகிரங்கமாகச் செய்த தப்புக்குப் பகிரங்கமாகவே

ரசீதுப் புத்தகக் கதையை முடிக்காமல் விட்டேன். பணம் கிடைத்த மறுநாள் அந்த அண்ணாச்சியைச் சந்தைக்குப் போகிற வழியில் பார்த்து, "தப்பா நெனைச்சுக்காதீங்க அண்ணாச்சி" என்றேன். தலையை ஆட்டிவிட்டுப் போனார். மன்னிப்புக் கேட்டாகிவிட்டது என்று இரண்டு வருஷம் நிம்மதியாக இருந்தேன். அவர் கோவிலுக்கு வரவில்லை. அசனப் பண்டிகையன்றைக்கும் (சபையார் எல்லாரும் சேர்ந்து சாப்பிடும் விருந்து) வரவில்லை. அவர் வீட்டுப் பங்கைச் சின்ன மகள் தூக்குவாளியில் வாங்கிக்கொண்டு போனாள். அவள் வாளியை நீட்டிக்கொண்டு வரிசையில் நின்றதைப் பார்த்த அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. விழுந்தவன் நான். ஊர் கேட்க வாசித்துவிட்டு, ரோட்டோரத்தில் முணுமுணுத்திருக்கிறேன்.

ஐயரிடம் அனுமதி வாங்கி, ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் எழுந்து நின்று, எந்தத் தேதியில் என்ன வாசித்தேன், அது எப்படித் தப்பு, அதனால் யாருக்கு என்ன ஆயிற்று என்று "ஆனால்" இல்லாமல் சொன்னேன். கால் நடுங்கியது. எழுதி வைத்திருந்த தாளில் பாதி எனக்குத் தெரியவில்லை. அன்றைக்கு அவர் கோவிலில் இல்லை. மதியத்துக்குள் செய்தி போயிருக்கும்; நம் ஊர்தானே.

அடுத்த வருஷ அசனத்தில் நான் மூன்றாவது பந்தியில் உட்கார்ந்திருந்தேன். சோற்று வாளியோடு வந்தவர் அந்த அண்ணாச்சி. என் இலைக்கு முன்னால் நின்றார். ஒரு கரண்டி வைத்தார். "இன்னும் கொஞ்சம் வைக்கட்டுமா சார்வாள்?" என்றார். சரி என்று தலையாட்டினேன். குழம்பு வாளி பின்னாலேயே வந்தது.

இப்போது ஒவ்வொரு வாரமும் கோவிலுக்கு வருகிறார். பந்தலுக்கு, பந்திக்கு, எதற்குக் கூப்பிட்டாலும் வருகிறார். ரசீதுப் புத்தகத்தை மட்டும் இன்றுவரைக்கும் கையில் வாங்கவில்லை.